மக்காச்சோளத் தண்டுத்துளைப்பான்: குருத்து காய்வதற்கு முன்பே செய்ய வேண்டியவை

பெரம்பலூர் பக்கத்துக் கரிசலில் முதன்முதலாக மக்காச்சோளம் போட்ட வருடம், இந்தப் புழுவைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். நடுக்குருத்து காய்ந்து நின்றால் பூச்சி விழுந்துவிட்டது. அவ்வளவுதான். விதைத்த 28ஆம் நாள் அங்கங்கே குருத்து காய்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு அன்று மாலையே மருந்துக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் கொடுத்த டப்பாவை வாங்கி வந்து மறுநாள் அடித்தேன். ஒரு வாரத்தில் காய்ந்த குருத்து இரண்டு மடங்கானது. திரும்பப் போனேன். "அது வேலை செய்யலையா? அப்ப இத அடிங்க" என்று வேறொன்றைக் கொடுத்தார். அதையும் அடித்தேன். காசு போனதுதான் மிச்சம், புழு தண்டுக்குள் சுகமாக இருந்தது.

அதற்குப் பத்து நாள் முன்பே எனக்கு ஒரு எச்சரிக்கை வந்திருந்தது என்பதுதான் வேடிக்கை. களை வெட்ட வந்த ஒரு அக்கா ஒரு தோகையை விரித்துக் காட்டினார். "தம்பி, இதப் பாரு, கோணி ஊசி வெச்சு வரிசையாக் குத்துன மாதிரி இருக்கு." நான் எட்டிப் பார்த்துவிட்டு, "வெட்டுக்கிளி கடிச்சிருக்கும்க்கா" என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். அந்த வரிசைத் துளைதான் தண்டுத்துளைப்பானின் கையெழுத்து. அன்று மருந்து அடித்திருந்தால் ஒரே அடியில் வேலை முடிந்திருக்கும்.

இந்த வழிகாட்டியில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவதும் அதைத்தான். காய்ந்த குருத்தைப் பார்த்துக் கடைக்குப் போகாதீர்கள், தோகையில் துளையைப் பார்த்துப் போங்கள்.

முதலில் புழுவின் நாட்கணக்கு

நம் ஊரில் மக்காச்சோளத் தண்டைத் துளைப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று புள்ளித் தண்டுத்துளைப்பான், அறிவியல் பெயர் சைலோ பார்ட்டெல்லஸ். இன்னொன்று இளஞ்சிவப்புத் தண்டுத்துளைப்பான், செசாமியா இன்ஃபெரன்ஸ். பெயர்கள் நினைவில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டும் முட்டையிடும் இடம் வேறு வேறு. எந்த வைத்தியம் எதற்குப் பலிக்கும் என்பது அதில்தான் இருக்கிறது.

புள்ளிப் புழுவின் தாய் வைக்கோல் நிறத்தில் இருக்கும் சின்ன அந்துப்பூச்சி. பகலில் தோகைக்குக் கீழே அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும், ராத்திரியில்தான் நடமாட்டம். தோகையின் அடிப்பக்கத்தில், நடு நரம்பை ஒட்டி, மீன் செதில் போல ஒன்றின்மேல் ஒன்றாகத் தட்டையான முட்டைகளைக் கூட்டமாக இடும். நாலைந்து நாளில் முட்டை பொரியும். குஞ்சுப் புழுக்கள் மேலே ஏறிக் குருத்துக்குள் இறங்கும். சில மட்டும் மெல்லிய நூல் விட்டுத் தொங்கி, காற்றில் ஆடி அடுத்த செடிக்குப் போய்ச் சேரும். ஒரு செடியில் இட்ட முட்டை சுற்றியுள்ள ஏழெட்டுச் செடியைக் கெடுப்பது இப்படித்தான்.

குருத்துக்குள் போன புழு சுருண்டிருக்கும் இளந்தோகையைத் துளைத்துத் தின்னும். பள்ளிக்கூடத்தில் காகிதத்தை நாலாக மடித்து ஒரு இடத்தில் கத்தரித்து, விரித்துப் பார்த்து விளையாடியிருப்போம் இல்லையா? அதே கதைதான். சுருளில் ஒரு துளை போட்டால், தோகை விரியும்போது குறுக்கே வரிசையாகத் துளைகள் தெரியும். பெரும்பாலான பூச்சிகள் இவ்வளவு ஒழுங்காக வரிசை கட்டாது.

இப்படி ஒன்றிரண்டு வாரம் தோகையைத் தின்று வளர்ந்த பிறகுதான் புழு தண்டுக்குள் இறங்குகிறது. வளரும் முனையை அது வெட்டிவிட்டால் நடுக்குருத்து காய்கிறது. அதற்குப்பின் எந்த மருந்தும் அதன் மேல் சரியாகப் படாது. ஆக, நமக்குக் கிடைக்கும் அவகாசம் புழு குருத்தில் இருக்கும் அந்தச் சில நாட்கள்தான்.

உள்ளே இரண்டு மூன்று வாரம் தின்றுவிட்டு, கூட்டுப்புழுவாவதற்கு முன், தண்டின் ஓரத்தில் ஒரு வட்டத் துளையை வெட்டி வைக்கும். பின்னால் அந்துப்பூச்சியாகி வெளியேறுவதற்கான வாசல் அது. கூட்டுப்புழுப் பருவம் ஒரு வாரம், பத்து நாள். எல்லாம் சேர்த்து ஒரு தலைமுறைக்குச் சுமார் 40 நாள். மக்காச்சோளம் 100, 110 நாள் நிற்கிறது. அதற்குள் இரண்டு தலைமுறை முழுதாக முடிந்துவிடும். முதல் தலைமுறை குருத்தைக் காய வைக்கும், அடுத்தது தண்டையும் கதிர்க்காம்பையும் குடையும்.

இளஞ்சிவப்புப் புழுவின் கதை கொஞ்சம் வேறு. அதன் தாய் தோகையுறைக்கும் தண்டுக்கும் நடுவில், வெளியே தெரியாதபடி, மணிமணியாக வரிசையில் முட்டையிடும். புழு உறைக்குள்ளேயே தின்றுவிட்டு அடித்தண்டில் நுழையும். நெல், கரும்பு, கேழ்வரகு எல்லாவற்றிலும் இது உண்டு. பக்கத்தில் கரும்புத் தோட்டமோ நெல் வயலோ இருந்தால், அதுவும் பயிர் குளிர்காலத்தில் நின்றால், இதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும்.

ஆள் யார் என்று உறுதி செய்வது

2018 மே மாதம் கர்நாடகத்துச் சிவமொக்காவில் அமெரிக்கப் படைப்புழு இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதன்பின் மக்காச்சோளத்தில் எந்தப் புழுவைக் கண்டாலும் "படைப்புழு வந்துடுச்சு" என்பது வழக்கமாகிவிட்டது. மருந்து சில சமயம் ஒன்றாகவே இருந்தாலும், வயலைப் பார்க்கும் முறையும் அவசரமும் வேறு. அதனால் ஒரு பத்து நிமிடம் செலவழித்து ஆளை அடையாளம் காணுங்கள்.

காய்ந்த குருத்து ஒன்றைப் பிடித்து மெல்ல இழுங்கள். சுலபமாகக் கையோடு வரும். விதைத்து மூன்று வாரத்துக்குள்ளான இளம்பயிரில், இழுத்த குருத்தின் அடி அழுகி நாறினால், உள்ளே காலே இல்லாத வெள்ளைப் புழு நெளிந்தால், அது குருத்து ஈ. தண்டுத்துளைப்பான் அல்ல. குருத்து ஈக்கு விதை நேர்த்திதான், அதாவது விதைக்கும் முன்பே விதையில் மருந்து பூசுவதுதான் வழி. வந்தபின் அடிப்பதில் பெரிய பலன் இல்லை.

தோகை கந்தலாகக் கிழிந்து, குருத்தில் மரத்தூள் போல ஈரமான எச்சம் குவிந்திருந்தால் படைப்புழு. புழுவின் தலையில் கவிழ்ந்த ஆங்கில ஒய் எழுத்துப் போல வெள்ளைக் கோடும், வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளியும் இருக்கும். இது பெரும்பாலும் குருத்திலேயே தங்கித் தின்னும்.

வரிசைத் துளை, அல்லது தோகையில் பச்சையம் சுரண்டிக் கண்ணாடித்தாள் போல ஆன சின்னச் சன்னல்கள், அப்புறம் எச்சம் குறைவு என்றால் தண்டுத்துளைப்பான். ஒரு செடியைப் பிடுங்கி, தண்டைப் பேனாக்கத்தியால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். மங்கிய மஞ்சள் உடம்பு, பழுப்புத் தலை, முதுகு முழுக்கக் கரும்புள்ளி இருந்தால் சைலோ. புள்ளியே இல்லாமல் வழுவழுவென்று ரோஜா நிறம், செம்பழுப்புத் தலை என்றால் செசாமியா. குடைந்த பாதையில் எச்சம் அடைந்து, ஓரம் சிவந்திருக்கும்.

தண்டைப் பிளக்கும்போது செத்துப்போன புழுவுக்குப் பக்கத்தில் பஞ்சுக் கட்டி போல வெள்ளைக் கூடுகள் தெரிகிறதா? அதை நசுக்கிவிடாதீர்கள். அது கொட்டீசியா என்ற குளவியினத்தின் கூடு. எறும்பை விடச் சின்ன உயிர். புழு குடைந்த பாதைக்குள்ளேயே நுழைந்து, புழுவின் உடம்பில் முட்டையிட்டு, உள்ளிருந்தே அதைத் தின்று தீர்க்கும். ஆசியாவில் பிறந்த சைலோ புழு எப்படியோ கடல் கடந்து ஆப்பிரிக்காவுக்குப் போய் 1930களில் மலாவியில் தலைகாட்டியது. கிழக்கு ஆப்பிரிக்கா முழுக்க மக்காச்சோளத்தை நாசம் செய்தது. அங்கே அதற்கு எதிரி இல்லை. கடைசியில் நைரோபியில் உள்ள இசிபே ஆராய்ச்சி மையத்தார் ஆசியாவிலிருந்து இந்தக் குளவியைக் கொண்டுபோய் 1993இல் கென்யக் கடற்கரைப் பகுதியில் விட்டார்கள், அது அங்கேயே நிலைத்துவிட்டது. அவர்கள் கப்பலேற்றிக் கொண்டுபோன வேலையாள் நம் வயலில் சம்பளம் இல்லாமல் இருக்கிறது. கண்ட மருந்தையும் அடித்து அதைத் துரத்துவது நாம்தான்.

விதைப்புக்கு முன்னும் விதைக்கும்போதும்

கோடை உழவு கட்டாயம். போன பயிரின் கட்டைகளில் தங்கியிருக்கும் புழுவும் கூட்டுப்புழுவும் மேலே வந்து வெயிலிலும் கொக்கு, மைனா வாயிலும் போகும். சோளம், கம்பு, மக்காச்சோளம் என்று ஒரே நிலத்தில் மாற்றி மாற்றிப் போடுவது பயிர்ச் சுழற்சி ஆகாது, புழுவுக்கு மூன்றும் ஒரே சாப்பாடுதான். உளுந்து, நிலக்கடலை, பருத்தி, சூரியகாந்தி என்று வேறு குடும்பத்துப் பயிர் நடுவில் வர வேண்டும்.

ஆடிப் பட்டமானாலும் புரட்டாசிப் பட்டமானாலும், பக்கத்து வயல்காரர்கள் விதைக்கும்போதே நீங்களும் விதைத்துவிடுங்கள். முந்தி விதைத்த வயலில் ஒரு தலைமுறை முடித்து வெளியே வரும் அந்துப்பூச்சி, பிந்தி விதைத்தவர் வயலில் இளங்குருத்தைத் தேடித்தான் இறங்கும். மானாவாரியில் மழை பார்த்து விதைப்பதால் இது எப்போதும் நம் கையில் இல்லை. ஆனால் கிணறு வைத்திருப்பவர் மட்டும் ஒரு மாதம் தள்ளிப்போட்டு, "என் வயல்ல மட்டும் ஏன் இவ்வளவு?" என்று கேட்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கம்பெனி விதைகள் பெரும்பாலும் நேர்த்தி செய்தே வருகின்றன. பையில் என்ன மருந்து என்று எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள். சயன்ட்ரனிலிப்ரோலும் தயாமீத்தாக்சமும் சேர்ந்த விதை நேர்த்தி மருந்து படைப்புழுவுக்காகப் பரிந்துரைக்கப்பட்டது. முளைத்த முதல் இரண்டு மூன்று வாரம் இளம்பயிர் பெரிய சேதமில்லாமல் தப்பிக்க அது உதவுகிறது. நேர்த்தி செய்யாத விதையானால் டப்பாவில் உள்ள அளவுப்படி நீங்களே செய்யலாம். மிஞ்சிய விதையைக் கோழிக்குப் போட்டுவிடாதீர்கள்.

இடைவெளி வீரிய ரகத்துக்கு வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 25 செ.மீ. இந்தக் கணக்கில் ஏக்கருக்கு 26,000 செடிக்கு மேல் வரும். சிலர் பூச்சிக்குப் போகட்டும் என்று குழிக்கு இரண்டு விதை ஊன்றுவார்கள். அதில் தவறில்லை. 12, 15 நாளில் கலைக்கும்போது துளை விழுந்த செடியைப் பார்த்துப் பிடுங்குங்கள். நல்லதைப் பிடுங்கிவிட்டு ஓட்டையை விட்டுவைப்பதுதான் பொதுவாக நடக்கிறது.

ஊடுபயிராகத் தட்டைப்பயறோ மொச்சையோ போட்டால் புழு குறைகிறது. சோளத்தில் நான்கு வரிசைக்கு ஒரு வரிசை மொச்சை என்பது பழைய பரிந்துரை. பயறில் வரும் அசுவினியைத் தின்ன வரும் பொறிவண்டு முதலானவை பக்கத்து வரிசை முட்டையையும் ஒரு கை பார்க்கும். கென்யாவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். வரிசை நடுவே டெஸ்மோடியம் என்ற பயறு வகைச் செடி, வயலைச் சுற்றி நேப்பியர் புல். முதலாவதின் வாசனை அந்துப்பூச்சியைத் தள்ளும், இரண்டாவது இழுக்கும். புல்லில் முட்டையிட்டாலும் அதில் சுரக்கும் பிசினில் சிக்கிப் பெரும்பாலான குஞ்சுப் புழுக்கள் தேறுவதில்லை. 'தள்ளு, இழு' என்றே அந்த முறைக்குப் பெயர். மாடு வைத்திருப்பவர்களுக்கு இரண்டும் தீவனம் என்பதால்தான் அங்கே அது பிடித்தது.

யூரியாவில் கை நீளக் கூடாது. மேலுரத்தை 25ஆம் நாளும் 45ஆம் நாளும் பிரித்துப் போடுங்கள். ஒரே தடவையில் கொட்டிக் கருகருவென்று பசேலாக்கினால், அந்துப்பூச்சிக்கு இலை போட்டுப் பந்தி வைத்த மாதிரி.

10ஆம் நாள் முதல் 35ஆம் நாள் வரை: நடை

இதுதான் வேலையின் நெஞ்சு. வாரம் இரண்டு முறை, காலையில் வெயில் ஏறும் முன், வயலுக்குள் இறங்கி நடக்க வேண்டும். வரப்பில் நின்று பார்ப்பது பார்ப்பதே அல்ல. ஓரத்துச் செடி எப்போதும் ஒரு மாதிரி, உள்ளே வேறு மாதிரி.

கோணல் மாணலாக நடந்து ஐந்து இடத்தில் நில்லுங்கள். ஒவ்வொரு இடத்திலும் தொடர்ச்சியாக 20 செடி. ஆக 100 செடி. ஒவ்வொன்றிலும் மேல் இரண்டு மூன்று தோகையை விரித்து, வரிசைத் துளையோ சன்னலோ இருக்கிறதா என்று பாருங்கள். தோகையைத் திருப்பி அடிப்பக்கம் நடு நரம்பை விரலால் தடவினால் முட்டைக் கூட்டம் தட்டுப்படும். முட்டைத் தோகையைக் கிள்ளி ஒரு பாலித்தீன் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எண்ணிக்கையைக் கைபேசியிலோ ஒரு சின்ன நோட்டிலோ குறித்து வையுங்கள், மனக்கணக்கு உதவாது.

நூற்றுக்குப் பத்துச் செடியில் அறிகுறி இருந்தால் மருந்துக்குப் போகலாம். பொருளாதாரச் சேத நிலை என்று வேளாண்மைத் துறையினர் சொல்வது இந்தப் பத்து சதவீதத்தைத்தான். மூன்று நான்கு செடி என்றால் பொறுங்கள், மூன்று நாளில் திரும்ப நடந்து பாருங்கள். ஏறுமுகமா இறங்குமுகமா என்பது அப்போது தெரியும். என் கணிப்பில், ஏழெட்டுச் செடியில் புதுத் துளை இருந்து, முட்டையும் கண்ணில் பட்டால், பத்து வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

குருத்து காய்ந்த செடியை வேரோடு பிடுங்கிவிடுங்கள். பிடுங்கி வரப்பில் எறிந்தால் புழு நடந்து திரும்பும். மாட்டுக்குப் போடலாம், மருந்து அடிக்காமல் இருந்தால் மட்டும். இல்லையென்றால் குழி தோண்டிப் புதையுங்கள்.

விளக்குப் பொறி ஏக்கருக்கு ஒன்று, இருட்டியது முதல் நடு இரவு வரை எரிந்தால் போதும். விடிய விடிய எரித்தால் நல்லது செய்யும் பூச்சியும் சேர்ந்து சாகும். இனக்கவர்ச்சிப் பொறி வைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு பூச்சிக்கும் வாசனை உருண்டை தனி. படைப்புழு உருண்டையை மாட்டிவிட்டு "தண்டுப்புழு விழவே இல்லை, என் வயல்ல இல்லை" என்று நினைத்தவர்கள் உண்டு. வாங்கும்போதே எந்தப் பூச்சிக்கு என்று கேட்டு வாங்குங்கள்.

மருந்துக்கு முன்னால் இருக்கும் கைகள்

முட்டை ஒட்டுண்ணி அட்டை புள்ளிப் புழுவுக்கு நல்ல ஆயுதம். பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அதை அழிக்கும் டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் என்ற பொடிக் குளவி இந்த அட்டையிலிருந்து வெளிவரும். அதன் முட்டை தோகையில் வெளிப்படையாக இருக்கிறது, குளவிக்குக் கிடைக்கும். இளஞ்சிவப்புப் புழுவின் முட்டை உறைக்குள் ஒளிந்திருப்பதால் அதில் பலன் குறைவு. முளைத்த பத்தாம் நாள் ஒரு முறை, ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை, ஏக்கருக்கு மூன்று அட்டை. துண்டுகளாகக் கத்தரித்து வயல் முழுக்கப் பரவலாக, தோகையின் அடிப்பக்கம் நிழலில், மாலை வேளையில் பின் அடித்து வையுங்கள். அட்டையில் முட்டைகள் கறுத்திருந்தால்தான் உயிருள்ள அட்டை. வாங்கி வந்து அலமாரியில் ஒரு வாரம் வைத்தால் குளவி அங்கேயே பொரிந்து செத்திருக்கும். வைப்பதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் ரசாயனம் கூடாது.

வேப்பங்கொட்டைச் சாறு ஐந்து சதவீதம். ஏக்கருக்கு 10 கிலோ கொட்டைப் பருப்பை இடித்துத் துணியில் முடிந்து ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப் போட்டு, காலையில் பிழிந்து வடிகட்டி, 200 லிட்டராக்கி, 200 கிராம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் அடிக்க வேண்டும். இந்த வருடத்துக் கொட்டையாக இருக்கட்டும், பழையதில் வீரியம் இராது. இது அந்துப்பூச்சியை முட்டையிட விடாமல் விரட்டும், பிஞ்சுப் புழுவின் வளர்ச்சியைக் கெடுக்கும். வளர்ந்த புழுவுக்கு இது போதாது.

படைப்புழுவுக்காக ஒன்பது பங்கு மணலுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு கலந்து குருத்தில் இடும் முறை பரவியது. ஆள் கிடைத்து, வயல் சின்னதாக இருந்தால் செய்து பாருங்கள். அதை நம்பி ஐந்து ஏக்கரை விடமாட்டேன்.

மருந்தடிப்பு

பத்து சதவீதம் தாண்டிவிட்டதா? சரி, தயங்க வேண்டாம். குளோரன்ட்ரனிலிப்ரோல் 18.5 எஸ்.சி. (எண் மருந்தின் வீரியம், எழுத்து மருந்தின் வகை; டப்பாவில் இப்படியே இருக்கும்), லிட்டருக்கு 0.4 மில்லி. ஏக்கருக்கு 80 மில்லி, 200 லிட்டர் தண்ணீர். 16 லிட்டர் டேங்குக்கு 6.4 மில்லி வரும். இதை மூடியால் குத்துமதிப்பாக ஊற்றாதீர்கள். குழந்தை மருந்தோடு வரும் சிரிஞ்சு ஒன்றை இதற்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள், வேறு எதற்கும் எடுக்கக் கூடாது. முதலில் ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, பிறகு டேங்கில் ஊற்றினால் சீராகக் கலக்கும்.

எவ்வளவு நல்ல மருந்தானாலும் குருத்துக்குள் விழாவிட்டால் வீண். பருத்திக்கு அடிப்பது போல வீசிக்கொண்டே போனால் தோகை நனையும், புழு நனையாது. கைப்பிடியைச் செடிக்கு மேலே கொண்டுபோய், முனை கீழ்நோக்கி, குருத்தின் வாயில் விழும்படி ஒவ்வொரு செடிக்கும் ஒரு கணம் நிறுத்தி நகருங்கள். அடித்து முடித்த வரிசையில் ஒரு குருத்தை விரலால் பிரித்துப் பாருங்கள். அடியில் ஈரம் நின்றால் சரி. ஆள் வைத்து அடித்தால் முதல் டேங்கை நீங்களே அடித்துக் காட்டுங்கள். சொல்வதை விட அது வேலை செய்கிறது.

நேரம் மாலை நாலரைக்கு மேல். அந்த இரவு மழை வரும் போலிருந்தால் தள்ளிப்போடுங்கள்.

பெரும்பாலும் 18 முதல் 22 நாளுக்குள் ஒரு அடி. அப்புறம் 100 செடிக் கணக்கு திரும்பப் பத்தைத் தொட்டால் மட்டும் 32, 35ஆம் நாள் இரண்டாவது. இரண்டாவதற்கும் அதே மருந்து வேண்டாம். விதை நேர்த்தியில் இருந்த சயன்ட்ரனிலிப்ரோலும் குளோரன்ட்ரனிலிப்ரோலும் ஒரே குடும்பம். பெயர் வேறு, புழுவைக் கொல்லும் வழி ஒன்று. தொடர்ந்து ஒரே வழியில் போனால் புழு அதற்குப் பழகிவிடும். படைப்புழுவும் சேர்ந்து இருக்கும் வயலில் எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. லிட்டருக்கு 0.4 கிராம், அல்லது ஸ்பினெட்டோரம் 11.7 எஸ்.சி. லிட்டருக்கு 0.5 மில்லி என்று மாற்றிக்கொள்ளலாம்.

பழைய ஆட்கள் இன்னும் "குருணை போடு" என்று மணிமணியான பழைய விஷ மருந்தையே சொல்வார்கள். ஃபோரேட், டிரையசோஃபாஸ் இரண்டும் 2020 டிசம்பர் 31ஓடு தடை செய்யப்பட்டவை. மோனோகுரோட்டோபாஸ் 36 எஸ்.எல். மத்திய அரசின் 2023 ஆணையில் போயிற்று. கார்போஃபியூரானிலும் 3 சதவீத உறையிட்ட குருணை தவிர மற்றதெல்லாம் அதே ஆண்டு நிறுத்தப்பட்டது. இருப்பதும் டப்பாவில் சிவப்பு முக்கோணம் போட்ட, மிகக் கொடிய நஞ்சு. வெறுங்கையால் நாலு குருணை எடுத்து ஒவ்வொரு குருத்திலும் போட்டுக்கொண்டு போன பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வேலைக்கு யாரையும் அனுப்ப எனக்கு மனம் வராது. நஞ்சு குறைந்த பச்சை முக்கோணத்தில் நல்ல மருந்து இருக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை.

கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஒன்றை மட்டும் எல்லோரும் செய்கிறார்கள். முனை அடைத்துக்கொண்டால் கழற்றி வாயால் ஊதுவது. ஒரு பழைய பல்துலக்கியை டேங்க் பட்டையில் கட்டிவிடுங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள், அதில் தொகுதி எண் இருக்கட்டும். சந்தேகம் வந்தால் கடைக்காரரைத் தவிர இன்னொருவரையும் கேளுங்கள். உழவர் அழைப்பு மையத்தின் 1800-180-1551 கட்டணமில்லா எண், தமிழிலேயே பேசலாம்.

பூ வந்த பிறகு

உச்சியில் பூ வந்துவிட்டால் தண்டுப்புழுவுக்காக மருந்து அடிக்காதீர்கள். உள்ளே இருப்பதை அது தொடாது, மகரந்தத்துக்கு வரும் தேனீயைத்தான் தொடும். இந்தக் கட்டத்தில் பூத்தண்டு ஒடிந்து தொங்குவது, கதிர்க்காம்பு குடைபட்டுச் சரிவது, காற்றுக்குச் செடி சாய்வது எல்லாம் தெரியும். மண் அணைத்திருந்தால் சாய்வது குறையும். குடைபட்ட செடியும் பெரும்பாலும் ஒரு கதிரைக் கொடுத்துவிடும், கொஞ்சம் சிறுத்திருக்கும். கதிர் முற்றியதும் நாள் கடத்தாமல் ஒடித்துவிடுங்கள். சாய்ந்து மண்ணில் கிடக்கும் கதிரைத் தனியாகப் பொறுக்குங்கள், பூஞ்சை பிடித்ததை நல்லதோடு கலந்தால் மொத்தக் குவியலுக்கும் விலை இறங்கும்.

தட்டையை என்ன செய்வது

கதிர் ஒடித்த பின் வயலில் நிற்கும் தட்டைக்குள் அடுத்த பயிருக்கான புழு இருக்கிறது. நிற்கவிட்டால் அது அங்கேயே காத்திருக்கும். தட்டையை அடியோடு, தரையை ஒட்டி அறுங்கள். ஒரு சாண் கட்டையை விட்டால் இளஞ்சிவப்புப் புழுவுக்கு அந்த ஒரு சாண் போதும். கட்டையை ரோட்டவேட்டர் ஓட்டி நொறுக்கி மண்ணில் மடக்குங்கள். தீ வைக்க வேண்டாம், வயலுக்கு வர வேண்டிய சத்து புகையாகப் போகும்.

தீவனத்துக்கு எடுப்பவர்கள் முழுத் தட்டையாகப் போர் அடுக்குவதுதான் சிக்கல். போருக்குள் புழு வறட்சியைத் தாண்டிப் பிழைத்து, முதல் மழை ஈரத்தில் கூட்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியாக வெளியே வரும். கொட்டகைக்குப் பக்கத்து வயலில் மட்டும் வருடா வருடம் குருத்து காய்வது இதனால்தான். தட்டு வெட்டும் மெஷினில் விட்டுச் சின்னத் துண்டாக நறுக்கி வைத்தால் புழு தப்பாது, மாடும் கழிக்காமல் தின்னும். நறுக்க வழியில்லை என்றால், போரிலிருந்து முதலில் மக்காச்சோளத் தட்டையைப் போட்டுத் தீர்த்துவிட்டு வைக்கோலுக்குப் போங்கள். ஆடி மழைக்கு முன் போர் காலியாகியிருக்க வேண்டும்.

என் வீட்டில் போன சித்திரையில் மிஞ்சியிருந்த அரை வண்டித் தட்டையில் ஒன்றை எடுத்து முழங்காலில் வைத்து ஒடித்துப் பார்த்தேன். உள்ளே அசையாமல் இரண்டு புழு, காய்ந்த தண்டுக்குள்ளும் கொழுகொழுவென்று. அன்றைக்கே மெஷினை வாடகைக்குப் பிடித்தேன்.